உம் கொட்டும் ஆள்

அன்புள்ள ஐயா,

சத்தீஸ்கர் கலைஞர் தீஜன் பாய் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு யூடியூபில் அவருடைய பாண்டவானி, அதாவது பாரதக் கதையைப் பாடி நடித்துச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்தேன். துச்சாதனன் வதம். சத்தீஸ்கரி ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனால் அந்தக் குரல் எழுந்து போக விடவில்லை. ஒரே ஒரு உறுத்தல். பின்னால் ஆர்மோனியம், தபேலாவோடு உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் வரிக்கு வரி ஏதோ குறுக்கே பேசிக்கொண்டே இருக்கிறார். இடைஞ்சலாக இல்லையா? இன்னொன்று, பள்ளிக்கூடமே போகாதவர் பாரதத்தை எப்படி மனப்பாடம் செய்தார்?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

அந்த இடைஞ்சல்காரரை 'ராகி' என்பார்கள். அவர் இல்லாமல் பாண்டவானி நகராது. தீஜன் பாய் ஒரு வரி சொன்னால் அவர் 'ஹவ்' என்பார், நடுவில் சந்தேகம் கேட்பார். வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுகிறாரே, அதே வேலைதான். 'ஆமா' உங்களுக்கு உறுத்தியிருக்காது. பழகின காது.

போனில் நாம் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறோம், அந்தப் பக்கம் சத்தமே இல்லை. உடனே நிறுத்தி 'லைன்ல இருக்கீங்களா?' என்று கேட்கிறோம் இல்லையா? கதை சொல்கிறவருக்கும் அந்தப் பதற்றம் உண்டு. எதிரே ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்தாலும் யாரும் உம் கொட்டப் போவதில்லை. அதனால் மேடையிலேயே ஒரு ஆளை வைத்துக்கொள்கிறார்கள்.

தீஜன் பாய் கையிலிருக்கும் அந்தத் தம்புராவைக் கவனித்தீர்களா? தோளில் சாய்ந்திருப்பது திடீரென்று பீமனின் கதாயுதமாக ஓங்கி நிற்கும், கொஞ்ச நேரத்தில் அதுவே திரௌபதியின் கூந்தலாகிவிடும். கதாயுதத்தைக் கீழே இறக்கி மூச்சு வாங்க அவருக்கு ஒரு நொடி வேண்டும். அந்த நொடியில் கதை அறுந்துவிடாமல் பிடித்துக்கொள்வது ராகியின் குரல்தான்.

சரி, மனப்பாடம். தீஜன் பாயின் தாத்தா பிரிஜ்லால், சபல் சிங் சௌஹான் எழுதிய பாரதத்தைச் சொல்லக் கேட்டுக் கேட்டு வந்தது அது. ஆனால் வரி பிசகாமல் ஒப்பிக்கிறவர் இல்லை இவர். பாண்டவானியில் இரண்டு வழி உண்டு. ஏட்டை ஒட்டி உட்கார்ந்து பாடுவது வேதமதி. பெண் பாடினால் அப்படித்தான் பாட வேண்டும் என்று இருந்தது. நின்று, நடந்து, நடித்து, கதையை இஷ்டத்துக்கு வளைத்துப் பாடுவது காபாலிக். அது ஆண்கள் வசம் இருந்தது. இவர் எழுந்து நின்றுவிட்டார். 13 வயதில் சந்திரகுரி என்ற ஊரில் முதல் மேடை, கிடைத்தது 10 ரூபாய்.

பெண் பாடலாமா என்று சொந்தச் சமூகமே தள்ளி வைத்தது. தனியாகக் குடிசை போட்டுக்கொண்டு, அக்கம்பக்கத்தில் பாத்திரமும் சாப்பாடும் கடன் வாங்கி நாளை ஓட்டியிருக்கிறார். பாட்டை மட்டும் விடவில்லை. 2019இல் பத்ம விபூஷண் கிடைத்தபோது எல்லாரும் விருதுப் பட்டியலைப் போட்டார்கள். எனக்கென்னவோ அந்தக் கடன் வாங்கிய பாத்திரம்தான் ஞாபகம் வந்தது.

அந்தக் காணொளியை இன்னொரு தடவை போட்டு, இந்த முறை ராகியை மட்டும் பாருங்கள். பாதியில் நீங்களே 'ஹவ்' போட்டுவிட்டால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.