ஜி.எல். முதலில், செலவு பிறகு: மாநகர் மன்ற ஊழியர்களின் மருத்துவச் சலுகை – கேள்வி பதில்

கோலாலம்பூர், பினாங்கு, செபராங் பிறை மாநகர் மன்ற ஊழியர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பதில்களுக்கு அடிப்படை 1974ஆம் ஆண்டின் பெரிந்தா ஆம் பாப் எஃப், அதாவது அரசாங்க ஊழியர்களின் மருத்துவச் சலுகை விதிகள், அதை ஒட்டி வந்த சுற்றறிக்கைகள். பேனல் கிளினிக்கில், அதாவது மன்றம் ஒப்பந்தம் செய்துள்ள தனியார் கிளினிக்கில், ஆண்டுக்கு எவ்வளவு என்பது போன்றவை மன்றத்துக்கு மன்றம் வேறுபடும். அவற்றை உங்கள் மனிதவள இலாகாவில் கேட்டு, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செந்தூல், அமலாக்கப் பிரிவு: ஐயா, வேலை நிரந்தரமாகிவிட்டது. ஆனால் மெடிக்கல் கார்டு எதுவும் தரவில்லை. எங்களுக்குக் காப்புறுதி உண்டா, இல்லையா?

கார்டு வராது, தம்பி. இது காப்புறுதி நிறுவனம் நடத்தும் திட்டமே அல்ல. அரசாங்க மருத்துவமனையில் நீங்கள் பார்க்கும் வைத்தியத்தின் செலவை மன்றமே ஏற்றுக்கொள்கிறது. அதற்கான சீட்டுதான் ஜி.எல்., அதாவது ஊழியரை உறுதிப்படுத்தும் கடிதம். மாதப் பிரிமியம் கிடையாது, இத்தனை வெள்ளி வரைதான் என்ற ஆயுள் வரம்பு கிடையாது, பழைய நோய்க்கு விலக்கும் கிடையாது. சர்க்கரை நோயோடு வேலைக்குச் சேர்ந்தவருக்கும் முதல் நாளிலிருந்தே செல்லும். எந்தத் தனியார் கார்டும் இப்படித் தராது. ஆகவே 'நமக்கு ஒன்றும் இல்லை' என்று அவசரப்பட்டு முகவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

வார்டு வகுப்பு உங்கள் கிரேடைப் பொறுத்தது. தகுதிக்கு மேற்பட்ட வகுப்பை நீங்களாகக் கேட்டு வாங்கினால் வித்தியாசத் தொகை உங்கள் கைக்காசு.

கெப்போங், பூங்கா பராமரிப்பு: ஜி.எல். எடுக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி வந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

முதலில் குடும்பப் பதிவு. மனைவி, பிள்ளைகள், அப்பா, அம்மா எல்லோர் பெயரும் ஐ.சி. எண்ணோடு உங்கள் சேவைப் பதிவேட்டிலும் கணினி முறையிலும் ஏறியிருக்க வேண்டும். பதிவில் பெயர் இல்லை என்றால் குமாஸ்தாவால் கடிதம் அச்சடிக்கவே முடியாது. பிறகு அப்பாயின்மென்ட் அட்டை அல்லது ரெஃபரல் கடிதம், கடைசி மாதச் சம்பள சிலிப், ஐ.சி. நகல் மூன்றையும் கொடுத்து விண்ணப்பம் செய்யுங்கள். கடிதம் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று நான்கு விஷயங்களைப் பாருங்கள்: நோயாளியின் பெயர் ஐ.சி.யில் உள்ளபடியே இருக்கிறதா, உறவுமுறை சரியா, மருத்துவமனையின் பெயர் சரியா, செல்லுபடியாகும் தேதி அப்பாயின்மென்டைத் தாண்டி வருகிறதா. ஒரு எழுத்துப் பிழைக்காகக் கவுன்டரில் திருப்பி அனுப்புவது சர்வ சாதாரணம்.

விடுமுறை நாளில் அவசரம் என்றால் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கடிதத்துக்காகக் காத்திருந்து உயிரோடு விளையாட வேண்டாம். அட்மிஷன் கவுன்டரில் 'மன்ற ஊழியர், ஜி.எல். பிறகு வரும்' என்று சொல்லி, பணியாளர் அட்டையும் சம்பள சிலிப்பும் காட்டுங்கள். அடுத்த வேலை நாள் காலையில் கடிதத்தை எடுத்து, டிஸ்சார்ஜுக்கு முன் வருவாய்ப் பிரிவில் சேர்த்துவிட வேண்டும். இதில் மன்ற ஊழியர்கள் கூட்டரசு ஊழியர்களைவிடக் கவனமாக இருக்க வேண்டும். உங்கள் பில் மன்றத்தின் பெயரில் போவதால், கடிதம் இல்லாவிட்டால் மருத்துவமனை உங்களிடம்தான் கேட்கும். கட்டிவிட்டு மன்றத்திடம் திரும்பக் கேட்பது நீண்ட வழி.

பட்டர்வொர்த்: என் கணவர் மன்ற ஊழியர். எங்களுக்குக் கோயிலில் தாலி கட்டிக் கல்யாணம் நடந்து ஒன்பது வருடம் ஆகிறது, பதிவு செய்யவில்லை. எனக்கு ஜி.எல். தர முடியாது என்கிறார்கள். இது நியாயமா?

மனசுக்குக் கஷ்டமான பதில்தான், அம்மா. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதற்குப் பிறகு முஸ்லிம் அல்லாதவர்கள் செய்துகொள்ளும் கல்யாணம் பதிவானால்தான் சட்டத்தின் கண்ணில் கல்யாணம். தாலி, சடங்கு, பத்திரிகை, கல்யாண ஆல்பம் எதுவும் அதற்கு ஈடாகாது. மனிதவள அதிகாரி நினைத்தாலும் அதைத் தாண்ட முடியாது.

வழி இருக்கிறது. தேசியப் பதிவு இலாகாவிலோ, துணைப் பதிவதிகாரி இருக்கும் கோயில் அல்லது சங்கத்திலோ இப்போதே பதிவுத் திருமணம் செய்துகொள்ளுங்கள். சான்றிதழில் பதிவு செய்யும் நாள்தான் வரும், ஒன்பது வருடம் பின்னால் போகாது; ஜி.எல்.லுக்கு அது போதும். சான்றிதழ் வந்த வாரமே கணவர் சேவைப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்கிறதா என்பதையும் அதே மூச்சில் பாருங்கள். அந்த இடத்தில் 'தகவல் இல்லை' என்றிருந்தால் பிள்ளைக்கும் கடிதம் கிடைக்காது. அதற்குப் பதிவு இலாகாவில் தனி விண்ணப்பம் செய்ய வேண்டும், நாளாகும், ஆகவே இன்றே தொடங்குங்கள். பென்ஷன் என்று வரும்போதும் இதே தாள்தான் கேட்பார்கள்.

1982 மார்ச்சுக்கு முன் சமய, வழக்க முறைப்படி கல்யாணமான பெற்றோர் பயப்பட வேண்டாம். அந்தத் திருமணத்தைச் சட்டம் ஏற்கிறது.

ஜின்ஜாங்: அம்மாவுக்கு ஜி.எல். கேட்டேன். என் சூராட் பெரானாக்கில் (பிறப்புச் சான்றிதழில்) அம்மா பெயர் ஒரு மாதிரி, அவர் ஐ.சி.யில் வேறு மாதிரி. மாமியாருக்கும் சேர்த்து எடுக்க முடியுமா, அண்ணே?

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். கிராணி காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். 'லெட்சுமி' ஒரு தாளில் ஒரு மாதிரியும் அடுத்த தாளில் வேறு மாதிரியும் இருக்கும். ஐ.சி. எண் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் வேலை சுலபம். சத்தியப் பிரமாண ஆணையரிடம் போய், இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று சூராட் அக்குவான், அதாவது உறுதிமொழிப் பத்திரம் எழுதி, இரண்டு தாள்களின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். பழைய சான்றிதழில் ஐ.சி. எண்ணே இல்லை, அல்லது எண்ணும் மாறியிருக்கிறது என்றால் பதிவு இலாகாவில் திருத்தம் செய்வதுதான் நிரந்தரத் தீர்வு.

மாமியாருக்கு உங்கள் பெயரில் எடுக்க முடியாது. உங்கள் மனைவியும் அரசாங்க ஊழியர் என்றால் அவர் தன் அம்மாவுக்கு எடுக்கலாம்.

அம்மா கெடாவிலோ பேராக்கிலோ இருந்தாலும் பரவாயில்லை. அங்குள்ள அரசாங்க மருத்துவமனையின் பெயரைப் போட்டுக் கடிதம் வாங்குங்கள். மாதாமாதம் மருந்துக்காக அவரைக் கோலாலம்பூர் பொது மருத்துவமனைக்கு அலைக்கழிக்காதீர்கள். எஸ்.பி.யு.பி. என்று ஒரு சேவை இருக்கிறது. முதல் தடவை மருந்தை இங்கே வாங்கும்போது ஃபார்மசி கவுன்டரில் சொல்லிவிட்டால், மிச்ச மாதங்களுக்கானதை அவர் வீட்டுப் பக்கத்து அரசாங்க கிளினிக்கிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

ஜெலுத்தோங்: ஸ்பெஷலிஸ்ட் எழுதிய மருந்து மருத்துவமனையில் இல்லை. வெளியே ஃபார்மசியில் 1,840 வெள்ளிக்கு வாங்கினேன். கிளைம் நிராகரிக்கப்பட்டது. காரணம் சொல்லவில்லை.

காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை. அனுப்பியிருந்த நகல்களைப் பார்த்தால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. நீங்கள் மருந்து வாங்கியது 3ஆம் தேதி. மருந்துச் செலவு கேட்கும் ஃபார்மான போராங் பெருபாத்தான் 1/09இல் டாக்டர் கையெழுத்திட்டது 11ஆம் தேதி. வாங்கிய பிறகு சிபாரிசு என்றால் கணக்காய்வில் நிற்காது. இரண்டாவது, ரசீது என்று இணைத்திருப்பது வங்கி அட்டை இயந்திரத்தின் சீட்டு. அதில் தொகை மட்டும்தான் இருக்கிறது.

வரிசை இப்படி இருக்க வேண்டும். அரசாங்க மருத்துவமனை ஸ்பெஷலிஸ்ட் அந்த மருந்து அவசியம், இங்கே இருப்பில் இல்லை என்று ஃபார்மில் எழுதி, கையெழுத்தும் பெயர் முத்திரையும் வைக்க வேண்டும். கையெழுத்து மட்டும் இருந்து முத்திரை இல்லாமல் திரும்பி வரும் ஃபார்ம்கள் ஏராளம். பிறகு ஃபார்மசியில் விலைப்பட்டியல் வாங்கி, இரண்டையும் மன்றத்தில் கொடுத்து ஒப்புதல் பெறுங்கள். அதற்குப் பிறகுதான் வாங்க வேண்டும். ரசீதில் நோயாளி பெயர், மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை மாத்திரை, தேதி, கடை முத்திரை இருக்கட்டும். வெப்பத்தாள் ரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும். அன்றே நகலெடுத்து அசலோடு பின் செய்துவிடுங்கள். வைட்டமின், சத்து மாவு இவற்றை அதே ரசீதில் சேர்க்காதீர்கள். அவை வெட்டப்படும், கூடவே முழு கிளைமும் தாமதமாகும்.

உங்கள் விஷயத்தில், 3ஆம் தேதியோ அதற்கு முன்போ அந்த மருந்து எழுதப்பட்ட மருந்துச் சீட்டு இருந்தால், ஃபார்மசியிலிருந்து முழு விவர ரசீதும் வாங்கி, இரண்டையும் வைத்து மேல்முறையீடு செய்யுங்கள். அடுத்த மாத மருந்தையாவது சரியான வரிசையில் வாங்குங்கள்.

செராஸ்: நானும் சாலை கூட்டுகிறேன். பினாங்கில் இருக்கும் என் தங்கையும் அதே வேலைதான். அவளுக்கு ஜி.எல். உண்டு, எனக்கு இல்லை. ஏன் ஐயா?

முதலாளி வேறு, அம்மா. 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டம், அதாவது சட்டம் 672, கோலாலம்பூரில் 2011 செப்டம்பரில் நடப்புக்கு வந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் அங்கே துப்புரவு வேலை அரசாங்க ஒப்பந்தம் பெற்ற தனியார் நிறுவனத்திடம் இருக்கிறது. பினாங்கு அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. அங்கே மன்றமே ஆள் வைத்துச் செய்கிறது. ஆகவே உங்களுக்கு பெரிந்தா ஆம் பொருந்தாது. உங்கள் நிறுவனத்தின் பேனல் கிளினிக், அதன் குழுக் காப்புறுதி, அதோடு சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு, இவைதான் உங்களுடையவை. துணைக் குத்தகையாளரிடம் வேலை செய்தால் சம்பள சிலிப்பில் சொக்சோ பிடித்தம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பிடித்தம் மட்டும் காட்டி, கட்டாமல் விடுபவர்கள் உண்டு. சொக்சோ அலுவலகத்தில் ஐ.சி. காட்டினால் சந்தா விவரம் தெரிந்துவிடும்.

வேலையில் அடிபட்டால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். கிளினிக்கில் 'வேலை நேரத்தில் அடிபட்டது' என்று மருத்துவக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். 'வீட்டில் விழுந்தேன்' என்று ஒரு தடவை பதிவாகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

சுங்கை டுவா: அப்பா மன்ற ஊழியர், டயாலிசிஸ் தொடங்கச் சொல்லிவிட்டார்கள். அரசாங்க மையத்தில் இடமில்லை. தனியார் மையத்தில் உடனே சேர்க்கட்டுமா?

ஒப்புதல் இல்லாமல் நிரந்தர ஏற்பாடு செய்யாதீர்கள். சிறுநீரக ஸ்பெஷலிஸ்டிடம் இரண்டு விஷயம் எழுதி வாங்குங்கள்: வாரத்துக்கு எத்தனை தடவை, அரசாங்க மையத்தில் இடம் இல்லை என்பது. மையத்திடம் ஒரு தடவைக்கான விலையைத் தனியாகவும் ரத்தம் ஊற ஊசி போடும் செலவைத் தனியாகவும் எழுதி வாங்குங்கள். இரண்டையும் கலந்து ஒரே தொகையாகக் கொடுத்தால் கோப்பு திரும்பி வரும். ஒப்புதல் வரும்வரை மருத்துவமனையிலேயே தற்காலிகமாகச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். அவசர நோயாளியை அப்படியே விட்டுவிட மாட்டார்கள். பிறகு மாதாமாதம் பில்லோடு வருகைப் பதிவும் இணைக்க வேண்டும். அப்பா ஒப்பந்த ஊழியராக இருந்து சொக்சோ கட்டியிருந்தால் சொக்சோவின் டயாலிசிஸ் உதவிக்கும் மனுச் செய்யலாம்.

பிரிக்பீல்ட்ஸ்: என் தனியார் மெடிக்கல் கார்டு பிரிமியம் ஏறிக்கொண்டே போகிறது. ஜி.எல். இருக்கும்போது கார்டை நிறுத்திவிடலாமா?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மன்றத்தின் ஜி.எல். தனியார் மருத்துவமனையில் செல்லாது. பல்கலைக்கழக மருத்துவமனையின் தனியார் பிரிவிலும், அரசாங்க மருத்துவமனையின் முழுக்கட்டண நோயாளி திட்டத்திலும் செல்லாது. ஆக, கார்டு எதற்கு? அறுவை சிகிச்சைக்கு வரிசையில் நிற்க முடியாத நேரத்துக்கு. அந்த ஒரு தேவைக்கு முதல் வெள்ளியிலிருந்தே கட்டும் விலையுயர்ந்த கார்டு தேவையில்லை என்பது என் கருத்து. 2024 செப்டம்பரிலிருந்து இணைக்கட்டண வகைகளையும், அதாவது பில்லில் ஒரு பங்கை நீங்களே கட்டும் கார்டுகளையும், காப்புறுதி நிறுவனங்கள் தர வேண்டும் என்று பேங்க் நெகாரா விதித்திருக்கிறது. சிறு சிகிச்சைகளை ஜி.எல். பார்த்துக்கொள்ளட்டும், பெரிய பில்லுக்கு மட்டும் அதிக டிடக்டிபிள் (முதலில் நீங்களே கட்ட வேண்டிய தொகை) உள்ள கார்டை வைத்துக்கொண்டால் பிரிமியம் குறையும்.

அதே நிறுவனத்தில் வகை மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். புதிதாக வேறு இடத்தில் எடுத்தால் 30 நாள் பொதுக் காத்திருப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் போன்றவற்றுக்கு 120 நாள் காத்திருப்பு மறுபடி ஆரம்பமாகும். இடையில் கண்டறியப்பட்ட நோயையும் மறைக்காமல் எழுத வேண்டும். புதியது ஏற்கப்பட்டு, காத்திருப்பும் முடியும்வரை பழையதை நிறுத்தாதீர்கள். சம்பளத்தில் அங்காசா என்ற கூட்டுறவு அமைப்பின் வழி பிடித்தம் என்றால், நிறுத்தும் கடிதத்தை நிறுவனத்துக்கு எழுதினால் மட்டும் போதாது. பிடித்தம் நின்றதா என்று அடுத்த இரண்டு சம்பள சிலிப்புகளில் பாருங்கள்.

பாயான் பாரு: ஜி.எல்.லில் ஐந்து நாள் பினாங்கு பொது மருத்துவமனையில் இருந்தேன். கார்டில் ஏதாவது கிடைக்குமா?

பாலிசியில் 'அரசாங்க மருத்துவமனை ரொக்கப்படி' என்ற வரி இருக்கிறதா பாருங்கள். பல கார்டுகளில் இருக்கும், யாரும் கேட்பதில்லை. பில்லை நீங்கள் கட்டாவிட்டாலும் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று உங்களுக்கே தருவார்கள். டிஸ்சார்ஜ் நோட், வார்டில் சேர்ந்த தேதியும் வெளியான தேதியும் உள்ள பில் நகல், மருத்துவ அறிக்கை வேண்டும். அறிக்கையை மருத்துவமனையின் ரெக்கார்ட் பிரிவில் கட்டணம் கட்டிக் கேட்க வேண்டும், கைக்கு வர வாரங்கள் ஆகும். கிளைம் கெடு ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் மற்ற தாள்களை முதலில் அனுப்பி, 'அறிக்கை பின்னர் வரும்' என்று குறிப்பு வையுங்கள்.

ஸ்தாப்பாக்: கார்டு பிரிமியத்துக்கு வருமான வரியில் கழிவு உண்டா?

உண்டு. கல்வி, மருத்துவக் காப்புறுதி இரண்டுக்கும் சேர்த்து 2025 வரியாண்டிலிருந்து 4,000 வெள்ளி வரை. அதற்கு முன் 3,000. ஆயுள் காப்புறுதியோடு இணைந்த கார்டு என்றால், மருத்துவப் பகுதி எவ்வளவு என்று நிறுவனம் தரும் ஆண்டு அறிக்கையில் தனியாக இருக்கும், அந்தத் தொகையை மட்டும் எழுதுங்கள். அறிக்கையை ஏழு வருடம் பத்திரமாக வைத்திருங்கள்.