அந்தச் சின்ன வழுக்களை விட்டுவையுங்கள்

அன்புள்ள ஐயா,

மூன்று ஆண்டுகளாகத் தனியாக எழுதிய ஒரு குறிப்பேட்டு மென்பொருளைத் திறமூலமாக, அதாவது மூலநிரலை யாரும் பார்த்துத் திருத்தும்படி, வெளியிடப்போகிறேன். புதியவர்கள் இதில் நிரல் எழுதிப் பழக வேண்டும் என்பது என் ஆசை. எந்த உரிமம் நல்லது? பதிப்பு எண் 1.0 என்று போடலாமா? 23 வழுக்கள் (நிரல் பிழைகள்) மீதம் இருக்கின்றன. அத்தனையையும் சரிசெய்த பிறகே வெளியிடுவேன். வருகிறவர்கள் சிரமப்படக் கூடாது அல்லவா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நிரலை மாற்றி வெளியிடுபவரும் மூலநிரலை அதே உரிமத்தில் தர வேண்டும் என்றால் ஜிபிஎல். யார் எப்படிப் பயன்படுத்தினாலும் சரி என்றால் எம்ஐடி. ஒன்றைக் கோப்பாகச் சேர்த்துவிடுங்கள். சேர்க்காவிட்டால் மற்றவர்கள் நிரலைத் தொடப் பதிப்புரிமைச் சட்டம் குறுக்கே நிற்கும். பதிப்பு எண்ணுக்கு 0.1 போதும். இயங்குதளக் கருவான லினக்ஸே 1991இல் 0.01 என்றுதான் வெளிவந்தது, 1.0 ஆக 1994 ஆகிவிட்டது.

உங்கள் கடைசி வரிதான் இரண்டு நாட்களாக என்னை உறுத்துகிறது. 23 வழுக்களையும் நீங்களே தீர்த்துவிட்டால், ஆசையோடு வருகிறவர் எதைத் தொடுவார்? உங்களுக்கே கை நடுங்கும் வேலைகள் மட்டுமே மிஞ்சியிருக்கும். இதை அன்பு என்று நினைக்கிறீர்கள். அடுப்படியில் யாரையும் நுழையவிடாமல் 'நீ உட்கார், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பவரின் அன்பு இது.

நான் முதன்முதலில் அனுப்பிய திருத்தம் ஒரே ஒரு எழுத்து. ஒரு திறமூல மென்பொருளின் பிழைச்செய்தியில் 'ர'வுக்குப் பதில் 'ற' விழுந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு கணம் போதுமாக இருந்தது. மூலநிரலை இறக்கி, என் கணினியில் தொகுத்து (ஓடக்கூடிய வடிவுக்கு மாற்றி), ஓடவைத்து, திருத்தி அனுப்ப நான்கு இரவுகள் ஆயின. நிறுவல் குறிப்பில் சொல்லாத ஒரு நிரலகம் (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்) தேவைப்பட்டது. அதுவும் பழைய பதிப்பு. மூன்றாம் இரவில் அழுகையே வந்துவிட்டது. அனுப்பிய மறுநாள் காலை, அந்த மென்பொருளின் பொறுப்பாளரிடமிருந்து பதில்: 'நானே சரிசெய்துவிட்டேன், நன்றி.' அவர் நல்லவர்தான். அவருக்கு அது அரை நிமிட வேலை. ஆனால் அதன்பிறகு இரண்டு ஆண்டுகள் நான் யாருக்கும் எதையும் அனுப்பவில்லை.

அந்த நான்கு இரவுகளில்தான் இறக்குவது, தொகுப்பது, சோதிப்பது, அனுப்புவது என்று முழுப் பாதையையும் ஒருமுறை நடந்தேன். திருத்தம் ஓர் எழுத்தாக இருந்ததால்தான் கவனம் முழுவதும் பாதையில் இருந்தது. பெரிய திட்டங்களுக்கு இது தெரியும். அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபிஸ் இத்தகைய சின்ன வேலைகளை 'ஈஸி ஹேக்ஸ்' என்று தனியே குறித்துவைக்கிறது. டெபியன் இயங்குதளத்தில் 'நியூகமர்' (புதியவர்) என்ற குறி இருக்கிறது. குறித்துவைத்தவர்களுக்கு அவற்றைத் தாங்களே முடிக்கத் தெரியாதா என்ன?

பயனரின் குறிப்புகளை அழித்துவிடக்கூடிய வழுக்கள் இருந்தால் இன்றே தீர்த்துவிடுங்கள்; அவற்றை யாருக்கும் விட்டுவைக்கக் கூடாது. மற்றவற்றில் சின்னதாக ஏழெட்டைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்தக் கோப்பில் இருக்கிறது, இப்போது திரையில் என்ன வருகிறது, என்ன வர வேண்டும், எந்தக் கட்டளையால் சோதிப்பது என்று எழுதுங்கள். 'இது எளிதுதான்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தடுமாறுகிறவரை அந்த ஒரு சொல் குத்தும். சிரமப்படக் கூடாது என்ற கவலையை நிறுவல் குறிப்பில் காட்டுங்கள். எதுவும் நிறுவாத ஒரு கணினியை இந்த நிரலை அறியாத ஒருவரிடம் கொடுத்து, பக்கத்தில் வாய் திறக்காமல் உட்காருங்கள். அவர் நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் உங்கள் குறிப்பில் ஒரு வரி குறைகிறது.

பிறகு கையைக் கட்டிக்கொண்டிருங்கள். மூன்று வாரம் யாரும் வராவிட்டாலும் அந்த வழுக்களைத் தொடாதீர்கள். வருகிறவரின் திருத்தம் கோணல்மாணலாக இருந்தால், எந்த வரி என்று சொல்லி அவரையே மாற்றச் சொல்லுங்கள். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' என்ற கருவி, எழுதியவரின் பெயரையும் இணைத்தவரின் பெயரையும் தனித்தனியே பதிகிறது. நீங்கள் கடைசியில் ஓர் இடைவெளியைத் திருத்த நேர்ந்தாலும், எழுதியவர் இடத்தில் அவர் பெயரே இருக்கட்டும்.