மருத்துவமனையில் போஸ்டிங் (வார்டில் பயிற்சிப் பணி) தொடங்கியதும் தோழிகள் விலகியது ஏன் என்று கேட்கிறீர்களா?

உங்கள் குணத்தில் கோளாறு இல்லை. பெரும்பாலும் டியூட்டி பட்டியல்தான் காரணம். நீங்கள் சர்ஜரி யூனிட்டில் ஒரே பெண், அறைத்தோழி பிரசவ வார்டில் இரவு விழிக்கிறாள் என்கிறீர்கள். அவள் தூங்கும்போது நீங்கள் ரவுண்ட்ஸில் நிற்பீர்கள், பிறகெங்கே பேசுவது? (நானும் ஒரு வருடம் நோயாளிகளின் கேஸ் ஷீட்டோடுதான் சாப்பிட்டேன்.)

ஒன்று பாருங்கள்: துணையில்லை, ஒதுக்கப்பட்டேன், தனித்துவிட்டேன். இம்மூன்றும் எவ்வளவு தோன்றுகிறது? அரிதாக 1, சிலநேரம் 2, அடிக்கடி 3. கூட்டல் 6ஐத் தொட்டால் சும்மா விடாதீர்கள். நீங்களும் அறைத்தோழியும் டியூட்டி பட்டியல்களைப் பக்கத்தில் வைத்து, ஒத்துவரும் அரைமணியை முன்பே குறித்துவிடுங்கள். குரூப் சாட் இதற்கு உதவாது.

இரண்டு வாரமாகத் தூக்கம், பசி கெட்டு எதிலும் ஈடுபாடில்லை என்றால் மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரிடம் போங்கள். நீங்களே டயக்னோசிஸ் எழுதிக்கொள்ள வேண்டாம்.