சுங்கை சிப்புட்டுக்குக் கைக்குழந்தையோடு வரும் தங்கச்சிக்கு

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் படித்தபோது 11 வருடத்துக்கு முன்னால் இருந்த என்னையே பார்த்த மாதிரி இருந்தது. கணவருக்கு இங்கே மலேசியாவில், செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையில் வேலை, அவர் முன்னாலேயே வந்துவிட்டார். அடுத்த மாதம் 3 மாதக் குழந்தையோடு நீங்கள் வருகிறீர்கள். ஸ்ட்ரோலர் (தள்ளுவண்டி) கொண்டு வரலாமா, பிள்ளையை உடம்போடு கட்டிக்கொள்ளும் பக்கிள் வைத்த பேபி கேரியர் வாங்கலாமா, இந்த வெயிலுக்கு எது தாங்கும், மாமியார் 'பிள்ளைக்கு முதுகும் காலும் வளைந்துவிடும்' என்கிறாரே, அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்ட்ரோலரை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். இப்போதைக்கு வேண்டாம். இங்கே பழைய கடைவீதியில் கடைகளுக்கு முன்னால் போகும் நடையை அஞ்சடி என்பார்கள். கடைக்குக் கடை அதன் உயரம் மாறும், நடுவில் மோட்டார் சைக்கிள் நிற்கும், ஓரத்தில் திறந்த சாக்கடை ஓடும். தோட்டத்துக்குள் போனால் செம்மண் பாதை, மழை பெய்தால் சேறு. பக்கத்து நகரமான ஈப்போவில் பெரிய கடைகளுக்குப் போனால்தான் சக்கரம் உருளும். தேவைப்பட்டால் வந்தபிறகு வாங்கிக்கொள்ளலாம்.

கேரியர் கட்டாயம் வேண்டும். ரோடு மோசம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஊரில் என் அக்கா பிள்ளை காலையில் பாட்டி இடுப்பில் இருக்கும், குளித்ததும் சித்தி இடுப்புக்கு மாறும், மதியம் எதிர்வீட்டு அத்தை வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார். இங்கே இருப்பது இரண்டே இடுப்பு. அதில் ஒன்று விடிந்ததும் ஆலைக்குப் போய்விடும். என் மூத்தவனுக்கு 4 மாதமாக இருந்தபோது வந்தோம். முதல் மூன்று வாரம் நான் வாசலைத் தாண்டவில்லை. பயம் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் எனக்குக் கைதான் போதவில்லை. குடையைப் பிடிக்கவா, பையைப் பிடிக்கவா, பிள்ளையைப் பிடிக்கவா?

அப்புறம் திருச்சியில் வாங்கி வந்த கேரியரை எடுத்து மாட்டிக்கொண்டு பசார் மாலாம் போனேன், அதாவது இரவுச் சந்தை. மெத்தை மாதிரி பஞ்சு வைத்த, விலை கூடிய கேரியர். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பிள்ளை முகம் சிவந்து, முதுகு சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது. மறுநாள் கழுத்து முழுக்க வேர்க்குரு. நம் ஊர் வெயிலும் சுடும்தான், ஆனால் இங்கே காற்றிலேயே ஈரம் இருப்பதால் வியர்வை காயாது. வருடம் முழுக்கப் பகலில் 32, 33 டிகிரி, மார்கழிக் குளிர் என்று ஒன்று கிடையாது. கேரியருக்குள் உங்கள் உடம்புச் சூடும் பிள்ளைக்கு ஒரு சட்டை போட்ட கணக்கு. அதனால் பிள்ளைக்கு உள்ளே ஒற்றைப் பருத்திச் சட்டை போதும். பின்கழுத்தில் விரல் வைத்துப் பாருங்கள். சுட்டாலோ பிசுபிசுத்தாலோ வெளியே எடுத்துவிட வேண்டியதுதான்.

எந்த வகை என்று கேட்டால், 3 மாதப் பிள்ளைக்கு என் முதல் தேர்வு ரிங் ஸ்லிங். நீளமான ஒற்றைத் துணி, தோளில் இரண்டு வளையம். பருத்தியிலோ லினனிலோ வாங்குங்கள். நான் 120 வெள்ளிக்கு வாங்கினேன் (இங்கே ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்வோம்). வளையத்தில் ஒட்டு இருக்கக்கூடாது, நகத்தால் சுற்றித் தடவினால் தெரியும். எல்லாப் பாரமும் ஒரே தோளில் விழும் என்பதுதான் இதன் குறை. கிளினிக், கடை, கோயில் என்று அரை மணி, ஒரு மணி நேரத்துக்குச் சரி. பிள்ளைக்கு 7, 8 கிலோ ஆனபிறகு பக்கிள் கேரியருக்கு மாறலாம். இரண்டு தோளும் இடுப்பும் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். அதில் வலைத்துணி வைத்ததாகப் பாருங்கள். இழுபடும் பனியன் துணியில் உடம்பைச் சுற்றிக் கட்டும் ராப் பிஞ்சுக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் இரண்டு மூன்று அடுக்குத் துணி, இந்த ஊருக்குச் சூடு. சீனர்கள் வழிவழியாகக் கட்டிவரும் மே டாய் என்ற நாலு முனைத் துணிக் கேரியரும் இங்கே உண்டு, முதுகில் சுமக்க அருமையானது. ஆனால் பிள்ளை தானாக உட்காரப் பழகாமல் முதுகுக்கு மாற்றாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் அளவுக்கு மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கணவரும் மாட்டிக்கொள்ள முடிய வேண்டும், வார் அவர் தோளுக்கும் நீள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு மார்க்கெட் போன அந்த ஒரு மணி நேரத்தில் நான் நிதானமாக எண்ணெய் வைத்துத் தலை குளித்தேன். அதன் அருமை உங்களுக்கே தெரியும்.

கட்டும்போது சில விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பிள்ளையின் முகம் எந்நேரமும் உங்கள் கண்ணில் பட வேண்டும். குனிந்தால் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும். தாடை நெஞ்சில் அழுந்தக்கூடாது, நடுவில் ஒரு விரலாவது போக வேண்டும். துணி தொய்யக்கூடாது. இதெல்லாம் வெறும் எச்சரிக்கைக்குச் சொல்வதில்லை. பை மாதிரித் தொங்கும் ஸ்லிங்கில் பிள்ளை சுருண்டு, தாடை நெஞ்சில் மடிந்து மூச்சுக்குழல் அடைபட்டு இறந்ததால், 2010-இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 4 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஸ்லிங் கட்டுவதில் மிகவும் கவனம் வேண்டும் என்று எச்சரித்தது. அதனால் படுத்த வாக்கில் போடாமல் நிமிர்ந்த வாக்கில் கட்டுங்கள். உள்ளேயே பால் கொடுத்தால், குடித்து முடித்ததும் மறுபடி மேலே தூக்கி நிமிர்த்திவிடுங்கள். வெயிலுக்கு முகத்தின்மேல் துண்டு போடும் பழக்கமும் வேண்டாம், குடையே போதும்.

மாமியாருக்கு என்ன சொல்லலாம்? அவர் பிள்ளையை இடுப்பில் எப்படி வைத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். இரண்டு காலும் இரண்டு பக்கம் விரிந்து, முட்டி புட்டத்தைவிட மேலே, தவளை உட்கார்ந்த மாதிரி. நல்ல கேரியர் செய்வதும் அதையேதான். துணி ஒரு முட்டியிலிருந்து மறு முட்டி வரை தொடையைத் தாங்க வேண்டும். அடிப்பகுதி ஒடுங்கி, கால் நேராகத் தொங்கும் கேரியர்தான் தவிர்க்க வேண்டியது. இடுப்பு மூட்டுக்கென்றே இருக்கும் சர்வதேச அமைப்பும் முதல் 6 மாதம் பிள்ளை உங்கள் நெஞ்சைப் பார்த்து இந்த நிலையில் இருப்பதைத்தான் பரிந்துரைக்கிறது. முதுகு லேசாக வளைந்திருப்பது அந்த வயதின் இயல்பு.

'கைச்சூடு கண்டால் பிள்ளை இறங்காது' என்றும் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள், நானும் நம்பி அழவிட்டுப் பார்த்தேன். இன்றைக்கும் அந்த நாட்களை நினைத்தால் மனசு கனக்கிறது. 1986-இல் கனடாவின் மான்ட்ரியலில் ஓர் ஆய்வு செய்தார்கள். அழுகைக்குக் காத்திராமல் கூடுதல் நேரம் தூக்கி வைத்திருந்த பிள்ளைகள் ஆறு வார வயதில் மற்ற பிள்ளைகளைவிட 43 சதவீதம் குறைவாக அழுதார்கள். தூக்குங்கள் தங்கச்சி. அது கெட்ட பழக்கமே இல்லை.

அடுப்படியில் மட்டும் கேரியர் வேண்டாம். தாளிக்கும் எண்ணெய் முதலில் தெறிப்பது பிள்ளை மேல்தான். கீழே கிடப்பதை எடுக்க இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்கி உட்காருங்கள். காரில் போகும்போது பிள்ளைக்குத் தனி இருக்கைதான், இங்கே 2020 ஜனவரி 1 முதல் அது சட்டப்படி கட்டாயம். மோட்டார் சைக்கிளில் பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்ப்பீர்கள். நீங்கள் போகாதீர்கள். தொங்கும் காலுக்கு மெல்லிய காலுறை போடுங்கள், டெங்கி கொசு பகலிலேயே கடிக்கும்.

ஸ்லிங் வந்தபிறகுதான் எனக்கு இந்த ஊர் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தவர். அம்மாமார் விடியற்காலையில் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுக்கப் போக, அவர்கள் பிள்ளைகளை வரிசையாகத் தொட்டில் கட்டி ஆட்டியவர். வாசலில் என்னைப் பார்த்ததும் ஸ்லிங்கைத் தொட்டு, 'சாரோங் மாதிரியே இருக்கே, ஆனா முடிச்சு இல்ல' என்றார். அடுத்த நிமிடம் பிள்ளை அவர் இடுப்பில் இருந்தான். யாராவது கை நீட்டினால், கை கழுவச் சொல்லிவிட்டு, கேரியரை அவிழ்த்துப் பிள்ளையைக் கொடுங்கள். மூன்றாவது இடுப்பு அப்படித்தான் கிடைக்கும். ஒரு தைப்பூசத்தில் ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு அவரோடுதான் போனேன். நேர்ந்து பெற்ற பிள்ளையைக் கரும்பில் கட்டிய புடவைத் தொட்டிலில் தூக்கிக்கொண்டு அம்மாவும் அப்பாவும் நடக்க, அவர்களுக்குப் பின்னால் நான் ஸ்லிங்கோடு நடந்தேன்.

சென்னையில் அவசரப்பட்டு விலை கூடிய கேரியர் வாங்காதீர்கள். இங்கே வந்து, பிள்ளையை உள்ளே வைத்துக் கட்டிப் பார்த்து வாங்கலாம். இணையத்தில் வாங்கினால் பெயர் பெற்ற கேரியர்களுக்குப் போலி நிறைய உண்டு, பாதி விலை என்றால் விட்டுவிடுங்கள். வரும்போது அம்மாவின் பழைய வாயில் புடவை இரண்டு மட்டும் எடுத்து வாருங்கள். தொட்டில் மாட்டும் ஸ்பிரிங் இங்கே கடையிலேயே கிடைக்கும். கொக்கி தாங்கும் உத்தரம் வீட்டில் இருக்கிறதா என்று கணவரை இப்போதே பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.