குடலைச் சரிசெய்தால் முடக்குவாதம் அடங்குமா?

கேள்வி: எனக்கு வயது 39. மூன்று மாதமாகக் காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடிவதில்லை. பல் துலக்கும் பிரஷ்ஷைச் சரியாகப் பிடிக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது. முடக்குவாதத்தின் தொடக்கம் என்று சொல்லி, வாரம் ஒருமுறை சாப்பிட மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். குடல் பாக்டீரியாதான் இந்த நோயைக் கிளப்புகிறது என்று படித்தேன். மாத்திரையைத் தள்ளிப்போட்டு, சில மாதம் புரோபயாடிக் (நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய மாத்திரை) மட்டும் சாப்பிட்டுப் பார்க்கலாமா?

பதில்: தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் படித்ததில் உண்மை இருக்கிறது. அதிலிருந்து நீங்கள் வந்தடைந்த முடிவுதான் தவறு.

நியூயார்க்கில் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் புதிதாகத் தொடங்கி இன்னும் சிகிச்சை பெறாத 44 பேரில் 33 பேரின் மலத்தில் பிரிவோட்டெல்லா காப்ரி என்ற பாக்டீரியா இருந்தது. ஆரோக்கியமானவர்கள் 28 பேரில் ஆறு பேரிடம்தான் அது தென்பட்டது. நெடுநாள் நோயுடன் சிகிச்சையில் இருந்த 26 பேரில் மூன்று பேரிடம் மட்டுமே காணப்பட்டது என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பாக்டீரியா பெருகியதால் நோய் வந்ததா, நோயின் அழற்சி அதற்கு இடம் கொடுத்ததா, மருந்து அதைக் குறைத்ததா என்பதை இந்த எண்களை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அதே பாக்டீரியாவைச் சுமந்துகொண்டு எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்பவர்களும் உண்டு.

குடலுக்கும் மூட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். முடக்குவாதம் என்பது உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே மூட்டுகளைத் தாக்கும் நோய். குடல் சுவரை ஒட்டி நோய் எதிர்ப்புச் செல்கள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் டிஹெச்-17 என்னும் வகை, இன்டர்லூக்கின்-17 என்ற புரதத்தைச் சுரந்து அழற்சியைத் தூண்டும். ஒழுங்குபடுத்தும் டி செல்கள் அதை அடக்கி வைக்கும். நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தயாரிக்கும் பாக்டீரியாக்கள் இந்த இரண்டாம் வகைச் செல்கள் பெருக உதவுவதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். மூட்டழற்சிக்கு ஆளாகும் ஓர் எலி இனத்தைக் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்தபோது நோய் வெகுவாகக் குறைந்தது. இழை வடிவப் பாக்டீரியா ஒன்றை மட்டும் குடலில் சேர்த்ததும் டிஹெச்-17 செல்கள் பெருகி மூட்டுகள் வீங்கின. எலியில் இவ்வளவு தெளிவாகத் தெரிவது மனிதரில் தெளிவாக இல்லை. முடக்குவாதத்துக்கு அடையாளமான எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி), மூட்டு வலிக்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இரத்தத்தில் தோன்றிவிடக்கூடும். புகைப்பழக்கம், ஈறு நோய், மரபணு ஆகியவற்றுக்கும் இதில் பங்கு உண்டு.

இப்போது உங்கள் மூட்டின் உட்சவ்வில் நடக்கும் அழற்சி, எலும்பை அரிக்கத் தொடங்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்காது. அரித்த எலும்பு பழையபடி வளர்வதும் அரிது. புரோபயாடிக் அதைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. மருத்துவர் அனுமதித்தால் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடலாம், அதற்குப் பதிலாக அல்ல. மாத்திரை வாரத்துக்கு ஒருமுறைதான் என்பதையும் மறவாதீர்கள். தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து.

ஒரு சுவையான செய்தி: இந்த நோய்க்குத் தரப்படும் சல்ஃபாசலசைன் என்ற மருந்து, பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பாக்டீரியாக்களால் இரண்டாக உடைக்கப்படுகிறது.

கேள்வி: மலப் பரிசோதனை செய்து என் குடல் பாக்டீரியாக்களைத் தெரிந்துகொண்டால் பயன் உண்டா?

பதில்: இப்போதைக்கு இல்லை. அந்த அறிக்கையை வைத்து எந்த மருந்தையும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. முடக்குவாதத்துக்கு அடையாளமான சிசிபி எதிர்ப்பொருள், ருமட்டாய்டு ஃபேக்டர், அழற்சியின் அளவைக் காட்டும் சிஆர்பி ஆகிய இரத்தப் பரிசோதனைகளின் முடிவுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். உங்கள் மருத்துவர் பார்ப்பது அவற்றைத்தான்.