எலும்பு வாத்தியாரிடம் கேளுங்கள்

கேள்வி: வீட்டுக்கு வானம் தோண்டும்போது பெரிய தாழி ஒன்று உடைந்து, உள்ளே எலும்பு தெரிந்தது. அத்தை ‘ஆற்றில் விட்டுவிடு’ என்கிறார்கள். ஆணா பெண்ணா என்றாவது தெரிந்தால் மனசு ஆறும். எப்படிப் பார்ப்பது?
– ஒரு வாசகி, ஸ்ரீவைகுண்டம்

ஆற்றில் விட வேண்டாம் தாயி, கழுவவும் வேண்டாம். அது அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த முதுமக்கள் தாழியாக இருக்கும். அத்தனை காலம் மண்ணில் கிடந்த எலும்பு, தண்ணீர் பட்டால் காபியில் விழுந்த ரஸ்க் மாதிரி கரைந்துபோகும். வேலையை நிறுத்திவிட்டு வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள். தாழிக்குள் இருக்கிற மண்ணையும் கொட்டிவிடாதீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்துச் சிவகளையில் தாழிக்குள்ளிருந்துதான் நெல் கிடைத்தது, பரிசோதித்ததில் கி.மு. 1155 என்று வந்தது.

ஆணா பெண்ணா என்பதை இடுப்பெலும்புதான் சொல்லும். அதன் பின்பக்கம் வளைவாக ஒரு வெட்டு இருக்கும். கட்டைவிரலை வைத்து இப்படியும் அப்படியும் ஆட்ட இடமிருந்தால் பெரும்பாலும் பெண். விரலை இறுக்கிப் பிடித்தால் ஆண். (நீங்கள் விரலை வைத்துப் பார்க்காதீர்கள், அது வருகிறவர்கள் வேலை.) மண்டையோட்டை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். நான் வகுப்பெடுத்த முதல் வருஷம், தடித்த தாடையும் துருத்திய புருவமேடும் பார்த்து, பலகையில் கொட்டை எழுத்தில் ‘ஆண்’ என்று எழுதினேன். அரை மணி கழித்து இடுப்பெலும்பு மேசைக்கு வந்தது. பெண்! பின்வரிசைப் பையன்கள் வருஷம் முழுக்க என்னை ‘ஆம்பள சார்’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

தாழியில் கிடப்பது சின்னப் பிள்ளை என்றால், எலும்பின் வடிவத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பருவம் வந்த பிறகுதான் இடுப்பு வேறு வேறாகத் திரும்பும். வயதைச் சொல்லப் பல் இருக்கிறது. வாலிபர் என்றால், கழுத்தடியிலிருந்து தோளுக்குப் போகும் காறை எலும்பு சொல்லும். வளரும் வயதில் தனித்துண்டாக இருக்கும் அதன் உள்முனை எலும்போடு ஒட்டிக்கொள்வது மற்ற எலும்புக்கெல்லாம் கடைசியில், முப்பதை நெருங்கும்போது.

கேள்வி: எலும்பைப் பார்த்து எந்தச் சாதி என்று சொல்லலாமா?
– ஒரு வாசகர், சங்கரன்கோவில்

முடியாது.

ஆதிச்சநல்லூரில் 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டினார், பிறகு அலெக்சாண்டர் ரீ. அங்கே எடுத்த மண்டையோடுகளை அளந்து சக்கர்மேன் என்ற உடற்கூறு அறிஞர் 1930-ல் எழுதினார். மண்டையை அளந்து இனம் பிரிப்பது அன்றைக்குப் பெரிய படிப்பு. சாதி அந்த அளவுகோலிலும் அகப்படவில்லை. சின்ன வயதில் பட்டினி கிடந்தாரா, கடுங்காய்ச்சல் வந்ததா என்று கேளுங்கள். பல்லின் குறுக்கே ஓடும் கோட்டைக் காட்டி ஒரு மணி நேரம் பேசுவேன்.