கிராம் கணக்கைக் கப்பில் அளப்பது எப்படி?

கேள்வி: கேக் செய்முறை ஒன்றில் மைதா 250 கிராம், சர்க்கரை 200 கிராம், வெண்ணெய் 150 கிராம், பேக்கிங் பவுடர் 8 கிராம் என்று கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் தராசு இல்லை. அளவுக் கப்பும் கரண்டியும்தான் உண்டு. எப்படி அளப்பது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கிராம் எடையைக் குறிப்பது, கப் கொள்ளளவைக் குறிப்பது என்பதால் எல்லாப் பொருள்களுக்கும் பொதுவான ஒரே கணக்கு கிடையாது. 240 மில்லி கப்பில் சர்க்கரை 200 கிராம் பிடிக்கும். ஆகவே உங்களுக்குத் தலைதட்டி ஒரு கப் போதும். ஆனால் அதே 200 கிராமைப் பொடித்த சர்க்கரையாகக் கேட்டிருந்தால், ஒன்றரைக் கப்புக்கும் சற்று அதிகமாகவே வேண்டியிருக்கும். வெண்ணெய்க்குக் கப்பே தேவையில்லை. 100 கிராம் பாக்கெட்டில் ஒன்றரை எடுத்துக்கொள்ளுங்கள். பேக்கிங் பவுடர், தலைதட்டி இரண்டு தேக்கரண்டி.

சிக்கல் மைதாவில்தான். கப்பை டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் மாவு இறுகி, ஒரு கப்பிலேயே 150 கிராம் வரை ஏறிவிடும். இரண்டு கப்பில் 50 கிராம் கூடிப்போனால் கேக் வறண்டு கெட்டியாகிவிடும். பலர் இதற்கு அடுப்பின் சூட்டைக் குறை சொல்கிறார்கள். மாவை முள்கரண்டியால் கிளறித் தளர்த்தி, கரண்டியால் எடுத்துக் கப்பில் மெல்லப் போட்டு, தட்டாமலும் குலுக்காமலும் கத்தியின் முதுகால் வழித்துவிட்டால் ஒரு கப் ஏறத்தாழ 125 கிராம் இருக்கும். உங்கள் 250 கிராமுக்கு இரண்டு கப்.

இதையும் நம்பியிருக்க வேண்டாம் என்பேன். கடைகளில் கிடைக்கும் கப்புகளில் 240 மில்லியும் உண்டு, 250 மில்லியும் உண்டு; அளக்கும் கையும் ஆளுக்கு ஆள் மாறும். அடுத்த முறை அரைக்கிலோ மைதா பாக்கெட்டைப் பிரிக்கும்போது, அது முழுவதையும் உங்கள் கப்பால் மேற்சொன்ன முறையில் அளந்து, வந்த எண்ணால் 500-ஐ வகுத்துவிடுங்கள். நான்கு கப் வந்தால் ஒரு கப் 125 கிராம். மூன்றரை வந்தால் ஏறத்தாழ 143. அந்த எண்ணை டப்பாவின் மூடியில் எழுதி ஒட்டிவிட்டால் வேறு எந்த அட்டவணையும் தேட வேண்டியதில்லை. கோகோ தூளுக்கும் இதே வழி பொருந்தும். அடிக்கடி கேக் செய்பவராக இருந்தால், சமையலறைக்கான சிறிய மின்தராசு ஒன்றை வாங்கிவிடுவதே மேல்.

கேள்வி: ஆஸ்திரேலியச் செய்முறையில் வரும் மேசைக்கரண்டி நம்முடையதுதானா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லை. நம் கடைகளில் கிடைக்கும் அளவுக் கரண்டிகளில் மேசைக்கரண்டி 15 மில்லி. ஆஸ்திரேலியாவில் 20 மில்லி. அவர்கள் மூன்று என்றால் நாம் நான்கு போட வேண்டும். தேக்கரண்டி மட்டும் இரண்டு இடத்திலும் 5 மில்லிதான்.